டிரம்மிலிருந்து டிஸ்க்குக்கு: கீழக்கரை நாட்குறிப்பு

அக்டோபர் 6

முன் சக்கரங்கள் இரண்டையும் கழற்றியாயிற்று. 1972ஆம் ஆண்டு அம்பாசடர் மார்க் 2 இரும்பு ஸ்டாண்டுகளின்மேல் மூக்கைத் தூக்கி நிற்கிறது. வலப்பக்க டிரம்மை, அதாவது சக்கரத்தோடு சுழலும் பிரேக் உருளையை, இழுத்தபோது ஒரு கைப்பிடி மணலும் துருப்பொடியும் கொட்டின. டிரம்மில் உரசும் லைனர் பாதிக்கு மேல் மிச்சம் இருக்கிறது. ஆனால் ஆயில் அழுத்தத்தால் அந்த லைனரைத் தள்ளும் வீல் சிலிண்டரின் ஒரு பிஸ்டன் அசைய மறுக்கிறது. பிரேக்கை மிதித்தால் வண்டி இடப்பக்கம் இழுப்பதற்கு இது ஒன்றுதான் காரணமா என்று என்னால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

அக்டோபர் 7

லாத்தா அழைத்தார். வாப்பாவைப் பற்றி வியாழக்கிழமைதான் சொல்வார்கள் என்றார் அக்கா.

அக்டோபர் 8

டிரம்முக்குப் பதிலாக, சுழலும் தட்டை இருபுறமும் கவ்விப் பிடிக்கும் டிஸ்க் பிரேக் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லிக்கொண்டிருந்ததை மெக்கானிக் அண்ணன் இன்று ஒரு கடப்பாரையால் மறுத்தார். சக்கரத்தைத் தாங்கும் கீழ்க் கையின் ரப்பர் புஷ்ஷுக்கும் வண்டியின் சட்டகத்துக்கும் நடுவே கடப்பாரையின் நுனியைக் கொடுத்து லேசாக நெம்பினார். வலப்பக்கக் கை கண்ணுக்குத் தெரியும்படி பின்னால் நகர்ந்து, விட்டதும் முன்னே வந்தது. இடப்பக்கம் அவ்வளவு நகரவில்லை. பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பின்னோக்கித் தள்ளப்படுகிறது என்பதால், ரப்பர் செத்த பக்கத்தில் சக்கரத்தின் கோணமே மாறிவிடுகிறது. அந்த நிலையில் அதிக வலிமையுள்ள பிரேக்கை மாட்டினால் கோணல் இன்னும் வேகமாக வெளிப்படுமே தவிரக் குறையாது. ஆகவே முதலில் சஸ்பென்ஷன், பிறகுதான் பிரேக் என்பது அவருடைய தீர்ப்பு. எனக்கும் அது சரியாகவே படுகிறது, செலவைத் தவிர.

ஸ்பிரிங்காக முறுக்கிக்கொடுக்கும் கம்பிகளான டார்ஷன் பார் இரண்டிலும் வெடிப்பு இல்லை. இடம், வலம் என்று பெயின்ட்டால் குறித்துத் தனித்தனியாக வைத்திருக்கிறோம், ஏனென்றால் ஆண்டுக்கணக்காக ஒரு திசையிலேயே முறுக்குண்ட கம்பியை மறுபக்கத்துக்கு மாற்றினால் அது எதிர்த்திசையில் முறுக்கேறி உடையக்கூடும். வண்டியைத் தாழ்த்தினால் பார்க்க அழகாக இருக்கும் என்று பட்டறைப் பையன் சொன்னான். ஏர்வாடிச் சாலையின் பள்ளங்களை அவன் பார்த்ததில்லை போலும்.

அக்டோபர் 10

நேற்றும் ஒன்றும் சொல்லவில்லை.

பிரேக் பைப்பைத் துணியால் துடைத்துக்கொண்டே போனேன். பின் ஆக்சிலுக்குப் போகும் இரும்புப் பைப் ஒரு கிளிப்பின் அடியில் பாதியாக அரிக்கப்பட்டிருந்தது. வெளியே தெரியும் இடமெல்லாம் நன்றாக இருக்க, ஈரம் தங்கும் கிளிப்பின் அடியில் மட்டும் உப்பு தன் வேலையைச் செய்திருக்கிறது. இந்தக் கரையில் இரும்பை நம்புவதற்கு ஒரு எல்லை உண்டு. 1914இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயிலை நிறுத்தியதற்கும் துரு ஒரு காரணம். அரிமானத்தை ஆராய்வதற்கென்றே காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகம் மண்டபத்தில் நிலையம் வைத்திருக்கிறது. என் வண்டி எந்த மூலைக்கு?

செம்பும் நிக்கலும் கலந்த பைப்தான் போடப்போகிறேன். வால்வோ 1976 முதலே அதைப் பயன்படுத்தியது. வெறும் செம்பு வளைக்க எளிது. ஆனால் அதிர்ந்து அதிர்ந்து கெட்டிப்பட்டு ஒருநாள் வெடிக்கும். கடைக்காரர் அதைத்தான் மலிவாகத் தருகிறேன் என்கிறார். வேண்டாம்.

அக்டோபர் 13

சாச்சா வந்திருந்தார். வண்டியை எடைக்குப் போட்டுவிடு, இந்த நேரத்தில் இது தேவையா என்று கேட்டார். இந்த நேரத்தில்தான் தேவை என்று சொல்ல வாயெடுத்தேன். உம்மா பக்கத்தில் இருந்ததால் விட்டுவிட்டேன்.

2021இல் வந்த பழம்பெரும் வாகன விதிகளின்படி, 50 ஆண்டு கடந்த வண்டி பெரிய மாற்றங்கள் இன்றி மூல வடிவில் இருந்தால்தான் அந்தப் பிரிவில் பதிவு கிடைக்கும். வண்டியின் சட்டகத்தில் ஒரு துளைகூடப் புதிதாகப் போடக்கூடாது என்று அண்ணனிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். பழைய டிரம், ஷூ, பேக் பிளேட் எல்லாவற்றையும் கிரீஸ் தடவிச் சாக்கில் கட்டி வைத்துவிட்டேன். வேண்டுமென்றால் ஒரே நாளில் பழையபடி மாட்டலாம்.

அக்டோபர் 16

மதுரையிலிருந்து பார்சல் வந்தது. இசுசு இன்ஜின் பொருத்திய பிற்கால அம்பாசடர் ஒன்றிலிருந்து கழற்றிய முன் டிஸ்க் செட்: ஹப், ஸ்டப் ஆக்சில், டிஸ்க்கைக் கவ்வும் காலிப்பர், பூஸ்டர். காலிப்பர்களில் கட்டியிருந்த சீட்டுகளில் இடமும் வலமும் மாறியிருந்தன. அண்ணன் சீட்டைப் படிக்கவே இல்லை; பிரேக் ஆயிலிலிருந்து ஏர் எடுக்கும் நிப்பிளைத் தொட்டுப் பார்த்து, அது மேலே வரும் பக்கம்தான் அதன் பக்கம் என்றார். நிப்பிள் கீழே இருக்கும்படி மாட்டினால் காற்று மேலேயே தங்கிவிடும். எத்தனை லிட்டர் ஆயில் ஊற்றி எடுத்தாலும் பெடல் பஞ்சுபோலத்தான் இருக்கும்.

பிஸ்டன்களில் துருப்புள்ளிகள் தெரிகின்றன. மாற்றியே ஆக வேண்டும்.

அக்டோபர் 17

மழை. பட்டறையில் மின்சாரம் இல்லை.

அக்டோபர் 19

தூக்கம் வராததால், பெடலை மிதித்ததும் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன். டிரம்முக்குள் இருக்கும், லைனர் ஒட்டிய முன் ஷூ, சுழலும் டிரம்மினாலேயே இழுக்கப்பட்டுத் தானே இன்னும் இறுகிக்கொள்ளும். மிதிப்பவரின் காலுக்கு அது இலவச உதவி. டிஸ்க்கில் அந்த உதவி கிடையாது, அழுத்தம் முழுவதும் வெளியிலிருந்து வர வேண்டும், ஆகவேதான் இன்ஜினின் மேனிஃபோல்டு உறிஞ்சலில் இயங்கி, கால் அழுத்தத்தைப் பெருக்கும் பூஸ்டர். அதோடு காலிப்பர் பிஸ்டன் பெரியது. அதற்கேற்ற அளவு ஆயிலைத் தள்ளும் சிலிண்டர் இல்லையென்றால் பெடல் பலகைவரை போய்விடும். டிரம்முக்கான சிலிண்டரில், பைப்பில் சிறிது அழுத்தத்தைப் பிடித்து வைக்கும் வால்வு ஒன்று இருக்கிறது. அதை எடுக்காமல் டிஸ்க்கோடு இணைத்தால், டிஸ்க்கைப் பிடிக்கும் பேட் விடாமல் உரசிச் சூடேறும். இவை எல்லாவற்றையும்விட, பழைய சிலிண்டர் ஒற்றைச் சுற்று: ஒரு பைப் வெடித்தால் நான்கு சக்கரத்திலும் பிரேக் இல்லை. இத்தனை ஆண்டுகளாக எங்களையெல்லாம் ஏற்றிக்கொண்டு வாப்பா அப்படித்தான் ஓட்டியிருக்கிறார் என்பதை அதிகாலை மூன்று மணிக்கு நினைத்துப் பார்த்திருக்க வேண்டாம்.

இரட்டைச் சுற்று சிலிண்டர் என்று முடிவு செய்துவிட்டேன். முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று.

அக்டோபர் 22

பைப் நுனியை ஒற்றை மடிப்பாக மடித்து அனுப்பியிருக்கிறார்கள். இரட்டை மடிப்பு வேண்டும் என்று எழுதியே கொடுத்திருந்தேன். திருப்பி அனுப்பினேன். கோபத்தில் சாப்பிடவில்லை, உம்மா அதை வேறு விதமாக எடுத்துக்கொண்டார்.

அக்டோபர் 24

புஷ்கள் ஏறிவிட்டன. ஆனால் போல்ட்டுகளை இறுக்கவில்லை. சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போது இறுக்கினால், வண்டியை இறக்கியதும் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே வாழ்ந்து சில மாதங்களில் கிழிந்துவிடும். ஆகவே சக்கரங்களை மாட்டி, வண்டியைத் தரையில் இறக்கி, முன்னும் பின்னும் உருட்டி, பானெட்டில் இரண்டு பேர் உட்கார்ந்து எழுந்து, அது தன் இயல்பான உயரத்துக்கு வந்த பிறகு, அண்ணன் சாக்கை விரித்து அடியில் நுழைந்து ஒவ்வொன்றாக இறுக்கினார். பழைய புஷ்கள் ஏன் ஒரு பக்கமாகவே தேய்ந்தன என்பதற்கும் இதுவே விடையாக இருக்கலாம்.

அக்டோபர் 27

லாத்தாவின் குரல் இன்று கொஞ்சம் தெளிவாக இருந்தது.

ஏர் எடுத்தோம். மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவிலுள்ள பின் இடச் சக்கரத்தில் தொடங்கி, அருகிலுள்ள முன் வலத்தில் முடித்தோம். பையன் மிதித்துப் பிடித்தான். நான் நிப்பிளைத் திறந்து மூடினேன். பிரேக் ஆயில் டாட் 4 தரம். புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது, ஈரம் ஏறினால் அந்த அளவு 155க்கு இறங்கிவிடும்; கடற்காற்று அடிக்கும் ஊரில் மூடி திறந்த டப்பாவை அடுத்த முறைக்கென்று எடுத்து வைப்பதில் அர்த்தமில்லை. மிச்சத்தை அண்ணன் கேட்டார். தரவில்லை.

அக்டோபர் 29

திருப்புல்லாணிச் சாலையில் பேட் படிய ஓட்டினோம். ஐம்பது கிலோமீட்டர் வேகத்திலிருந்து பத்துவரை மிதமாகப் பிடித்து, முழுதாக நிறுத்தாமல் மீண்டும் வேகமெடுத்து, இடையில் ஆறவிட்டு, மறுபடியும். பெடல் மேலேயே நிற்கிறது. ஸ்டியரிங்கிலிருந்து கையை லேசாக எடுத்துவிட்டு மிதித்தேன். வண்டி நேராக நின்றது. அண்ணன் ஒன்றும் சொல்லாமல் மறுபடியும் மிதிக்கச் சொன்னார். மறுபடியும் நேராகத்தான் நின்றது.

ஆனால் பலமாக மிதித்தால் பின் சக்கரம் சற்று முன்னதாகவே பூட்டிக்கொள்கிறது. பாரம் முன்னே சாய்வதால் பின்புறம் இலகுவாகிவிடுகிறது. பின் வீல் சிலிண்டரைச் சிறியதாக மாற்றிப் பார்க்க வேண்டும்.

அக்டோபர் 30

இரவு பதினொன்றுக்கு லாத்தா அழைத்தார். வண்டி ஓடுகிறதா என்று வாப்பா கேட்டாராம். காலையில் மதுரையில் இருக்க வேண்டும். ஸ்பானர் செட்டும் ஜாக்கியும் தலையணை இரண்டும் டிக்கியில் ஏற்றியாயிற்று. பின் சிலிண்டரைத் திரும்பி வந்து பார்த்துக்கொள்ளலாம், அதுவரை அறுபதுக்கு மேல் போகப்போவதில்லை.