மின்சாரம் நின்றால் தண்ணீர் எங்கே போகும்?

எங்கள் வீட்டுக் கடல்நீர் மீன்தொட்டி மூன்றடி நீளமும், ஒன்றரை அடி அகலமும், ஒன்றரை அடி உயரமும் கொண்டது. அதன் கீழே மரப்பெட்டிக்குள் இரண்டடி நீளத்தில் இன்னொரு கண்ணாடித் தொட்டி இருக்கிறது. மீன் வளர்ப்போர் அதைச் சம்ப் என்பார்கள். மேல்தொட்டியில் நிரம்பி வழியும் நீர் குழாய் வழியே சம்ப்புக்கு இறங்கி, அங்கே சுத்தமாகி, பம்பின் வேகத்தில் மீண்டும் மேலே ஏறும். இந்தச் சம்ப்பையும், அதற்குள் நின்று கழிவை நுரையாக்கிப் பிரிக்கும் ஸ்கிம்மரையும், குறைந்த நீரை ஈடுசெய்யும் அமைப்பையும், விசிறிகளையும் நானே செய்தேன். கடையில் விற்கும் கருவிகளின் விலை ஒரு காரணம் என்றாலும், ஒவ்வொரு பாகமும் ஏன் அந்த வடிவில் இருக்கிறது என்பதைக் கைபடச் செய்து தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆசைதான் பெரிய காரணம்.

அந்தப் பாடம் முதல் மின்தடையன்றே தொடங்கியது. எல்லாவற்றையும் பொருத்தி மூன்று வாரம் ஆகியிருந்த நிலையில், மே மாத இரவொன்றில் மின்சாரம் நின்றது. பம்பு நின்றால் நீர் இறங்குவதும் நின்றுவிடும் என்று நம்பியிருந்தேன். வழிந்து இறங்கும் குழாயைப் பொறுத்தவரை அது சரிதான். நீர்மட்டம் அதன் வாய்க்குக் கீழே போனதும் அது ஓய்ந்துவிடும். ஆனால் நீரை மேலே ஏற்றும் குழாயின் முனை மேல்தொட்டியில் மூன்று அங்குல ஆழத்தில் மூழ்கியிருந்தது. பம்பு நின்றதும் அதே குழாய், முனை காற்றைத் தொடும்வரை, நீரைக் கீழ்நோக்கி இழுத்துக் கொட்டிவிட்டது. 36 அங்குல நீளமும் 18 அங்குல அகலமும் உள்ள தொட்டியில் ஓர் அங்குல உயர நீர் ஏறத்தாழ 10.6 லிட்டர், மூன்று அங்குலத்துக்கு 32 லிட்டர். 24 அங்குல நீளமும் 12 அங்குல அகலமும் உள்ள சம்ப்பில் ஐந்து அங்குலம்தான் காலியாக இருந்தது, அது 23.6 லிட்டரைத்தான் கொள்ளும். மிச்சம் எட்டு லிட்டருக்கு மேற்பட்ட உப்புநீர் மரப்பெட்டியின் அடிப்பலகைக்குள் இறங்கி, விடிவதற்குள் பலகை விளிம்பெல்லாம் உப்பி, பூச்சு உரிந்து நின்றது. நீரை ஊற்றுவதற்கு முன்பு செய்திருக்க வேண்டிய கணக்கை அதன் பிறகே காகிதத்தில் போட்டேன்.

இப்போது ஏற்றுக்குழாயின் முனையை நீர்ப்பரப்புக்கு ஓர் அங்குலம் கீழே உயர்த்தி வைத்திருக்கிறேன். அதே குழாயில், பரப்புக்குச் சற்றே கீழே, 6 மில்லிமீட்டர் அளவில் ஒரு துளையும் இட்டிருக்கிறேன். மட்டம் சிறிது குறைந்தவுடன் அந்தத் துளை வழியே காற்று புகுந்து இழுவை அறுந்துவிடும். உப்புப் படிவும் சுண்ணாம்புப் பாசியும் அதை அடைத்துவிடும் என்பதால் வாரம் ஒருமுறை பல்குச்சியால் குத்திச் சுத்தம் செய்கிறேன். ஒருவழி வால்வு போட்டால் போதாதா என்று நண்பர்கள் கேட்பதுண்டு. அதன் மூடியில் ஒரு மணல் துணுக்கு சிக்கினாலும் நீர் கசியும் என்பதால் வால்வை மட்டும் நம்ப எனக்கு மனமில்லை. குழாயைச் சரிசெய்த நாளில் சுவிட்சை நானே அணைத்து, சம்ப்பில் நீர் ஏறி நிற்கும்வரை காத்திருந்தேன். பிறகு, எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்போது சம்ப்பின் நீர் எந்த மட்டத்தைத் தாண்டக் கூடாது என்று அளந்து, கண்ணாடியில் கறுப்பு மார்க்கரால் கோடு போட்டேன். என் அமைப்பில் எனக்கு மிகவும் பயன்படும் கருவி அந்தக் கோடுதான்.

ஸ்கிம்மர் செய்தது நான் மிகவும் ரசித்த வேலை. மீனின் கழிவிலும் மிஞ்சிய தீவனத்திலும் இருக்கும் கரிமப் பொருள்களில் பல, ஒரு முனையால் நீரை நாடி மறுமுனையால் நீரை விலக்கும் இயல்புடையவை. ஆகவே அவை காற்றுக்குமிழின் மேற்பரப்பில் ஒட்டிக்கொள்கின்றன. உப்புநீரில் குமிழ்கள் எளிதில் ஒன்றுசேராமல் பொடியாகவே இருப்பதால் ஒட்டுவதற்கான பரப்பு மிகுதி; நன்னீரில் இதே கருவி சரியாக வேலை செய்யாததற்கு அதுவே காரணம். உடல்பகுதிக்கு நான்கு அங்குல பி.வி.சி. குழாயையும், நுரை ஏறும் கழுத்துக்குத் தெளிவான அக்ரிலிக் குழாயையும் எடுத்துக்கொண்டேன். அக்ரிலிக்கை ஒட்டுவதற்குப் பெயர்ப்பலகை செய்பவர்கள் குளோரோஃபார்ம் பயன்படுத்துவார்கள். இரண்டு துண்டுகளையும் இறுக்கிப் பிடித்து, சிரிஞ்சு ஊசியால் இடுக்கின் ஓரத்தில் ஒரு சொட்டு விட்டால், அது கோடு போல் உள்ளே ஓடி, இரு பரப்புகளையும் கரைத்து ஒன்றாக்கிவிடும். வெண்மையாகத் தெரிந்த இடுக்கு கண்ணெதிரே கண்ணாடிபோலத் தெளிவதைப் பார்ப்பது தனி இன்பம். அந்த ஆவி உடலுக்குக் கேடு. மாடியில் திறந்தவெளியில் அமர்ந்துதான் இதைச் செய்ய வேண்டும்.

இரண்டாம் நாள் கிண்ணத்தில் கடுந்தேநீர் நிறத்தில், மூக்கைப் பொத்தவைக்கும் நாற்றத்துடன், ஒரு விரல்கடை அளவு கழிவு சேர்ந்திருந்தது. ஆனால் மின்தடை இதையும் சோதித்தது. மின்சாரம் இல்லாதபோது சம்ப்பின் மட்டம் உயர்வதால், மின்சாரம் திரும்பும்போது ஸ்கிம்மர் அளவுக்கு மீறி மூழ்கியிருக்கும். நுரைக்குப் பதில் நீரே கழுத்தில் ஏறி, சேர்ந்த கழிவையெல்லாம் மீண்டும் தொட்டிக்குள் தள்ளிவிடும். ஏற்றுபம்பு முதலில் ஓடி மட்டம் இறங்கிய பிறகு ஸ்கிம்மர் தொடங்குமாறு, பத்து நிமிடத் தாமதம் தரும் டைமர் ஒன்றை அதற்கு வைத்தேன்.

ஆவியாகும்போது நீர் மட்டுமே போகிறது, உப்பு தங்கிவிடுகிறது. ஆகவே குறைந்த அளவை ஆர்.ஓ. நீரால்தான் ஈடுசெய்ய வேண்டும். மிதவை சுவிட்சும் சிறு பம்பும் அதைச் செய்கின்றன. சுவிட்சு ஒட்டிக்கொண்டு பம்பு நிற்காமல் ஓடினால் என்ன ஆகும் என்று யோசித்து, கேனின் அளவை ஐந்து லிட்டரோடு நிறுத்தினேன். முழுக் கேனும் கொட்டினாலும், மொத்தம் 200 லிட்டர் அளவுள்ள என் அமைப்பில் உப்பின் அளவு ஆயிரத்துக்கு 35-லிருந்து 34-க்குச் சற்று மேலேதான் இறங்கும். மீன்கள் அதைத் தாங்கும்.

கோடையில் இந்த ஆவியாதலே எனக்குக் கைகொடுக்கிறது. ஒரு லிட்டர் நீர் ஆவியாக எடுத்துக்கொள்ளும் வெப்பம், 200 லிட்டர் நீரை ஏறத்தாழ மூன்று டிகிரி குளிர்விக்கப் போதுமானது. பழைய கணினியின் இரண்டு 12 வோல்ட் விசிறிகளைச் சம்ப்பின் மேல் சாய்த்துப் பொருத்தியதற்கு அதுவே அடிப்படை. மின்சாரம் போனால் விசிறியும் இல்லை, நீரோட்டமும் இல்லை. 28 டிகிரியில் நன்னீர் லிட்டருக்கு 7.8 மில்லிகிராம் ஆக்சிஜன் வரை கொள்ளும் என்றால், கடல்நீர் 6.4 மில்லிகிராம்தான் கொள்ளும். இருப்பே குறைவு என்பதால் பேட்டரியில் ஓடும் சிறிய காற்றுபம்பு ஒன்று எப்போதும் மேல்தொட்டியோடு இணைந்தே இருக்கிறது.

பாறைகளையும் நானே வார்த்தேன். நம் நாட்டில் பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. மன்னார் வளைகுடாவிலிருந்து திருட்டுத்தனமாக வரும் பாறைத் துண்டு எதையும் நான் என் வீட்டுக்குள் விட மாட்டேன். சிமெண்ட்டோடு நொறுக்கிய சிப்பி ஓட்டையும் கல்லுப்பையும் கலந்து வார்த்து, உப்பு கரைந்து துளைகள் விழுந்த பிறகு, ஆறு வாரம் நீரை மாற்றி மாற்றி ஊறவைத்தேன். சிமெண்ட்டின் காரம் முழுதும் இறங்காமல் தொட்டிக்குள் வைத்தால் பி.எச். தாறுமாறாக ஏறிவிடும்.

கடல்நீருக்குள் பித்தளை ஆணியோ செம்புக் கம்பியோ போகவே கூடாது. நத்தைக்கும் இறாலுக்கும் செம்பு நஞ்சு. கண்ணாடியை ஒட்டும் சிலிகோன் பசையில், பூஞ்சைத் தடுப்பு மருந்து சேர்க்காததை மட்டுமே வாங்க வேண்டும். கம்பி வழியே வரும் நீர் பிளக்கை எட்டாமல் கீழேயே சொட்டிவிடும்படி, ஒவ்வொரு மின்கம்பியும் பிளக்குக்குக் கீழே ஒரு வளைவு தொங்கியபின் ஏற வேண்டும். மின்கசிவு ஏற்பட்டால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லாமல் எதையும் இணைக்க வேண்டாம்.

இன்னும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. இறங்குகுழாயின் வாயில் ஒரு நத்தை போய் அடைத்துக்கொண்டால், இந்த முறை வழிவது மேல்தொட்டியாக இருக்கும். அதற்காக இரண்டாவது இறங்குகுழாய் ஒன்று, முதலாவதைவிட அரை அங்குலம் உயரத்தில், வெறுமனே காத்துக்கொண்டிருக்க வேண்டும். குழாயைத் தொட்டித் துளையில் பொருத்தும் டேங்க் நிப்பிள் வாங்கியாயிற்று. கண்ணாடியில் துளை இட வேண்டுமானால் தொட்டியை முழுதாக வடித்தாக வேண்டும். மீன்களை ஒருநாள் தங்கவைக்க நூறு லிட்டர் டிரம்மைக் கழுவிக் காயவைத்திருக்கிறேன்.