நாற்காலி இல்லாமல் அமர்ந்திருந்தவள்

வியன்னாவில் கையிலிருந்தது இரண்டே நாள். முதல் நாள் அரண்மனைகளுக்கே போய்விட்டது. மறுநாள் காலை, வந்த காரியத்துக்குக் கிளம்பினேன்: லியோபோல்ட் அருங்காட்சியகம். அரச குதிரை லாயங்கள் இருந்த வளாகத்துக்குள் 2001-இல் திறந்த வெள்ளைக் கல் கட்டடம். ஆஸ்திரிய ஓவியர் எகோன் ஷீலேயின் படங்களின் மிகப்பெரிய தொகுப்பு இங்கேதான் இருக்கிறது.

எண்ணெய் ஓவியங்களைச் சீக்கிரமே கடந்து, காகிதப் படங்கள் இருந்த அறைக்குள் போனேன். வெளிச்சம் பட்டால் காகிதம் கெடும் என்பதால் விளக்குகளைக் குறைத்தே வைத்திருக்கிறார்கள். கண் பழகக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

ஒரு பெண். வெறும் பென்சில், வண்ணம் கிடையாது. பிடரியில் புறப்பட்ட கோடு முதுகு வழியாக இடுப்புவரை ஒரே இழுப்பில் இறங்குகிறது. தோளில் மெலிந்து, அறுந்தேபோய், முழங்கையில் எலும்பு துருத்தும் இடத்தில் மறுபடி அழுந்தி எழுகிறது. விரல் கணுக்களை ஒவ்வொன்றாக வரைந்தவர் பாதங்களை வரையவே இல்லை. அவள் உட்கார்ந்திருக்கும் நாற்காலியும் இல்லை. ஆனாலும் அந்த உடம்புக்குக் கனம் இருக்கிறது! எங்கிருந்து வருகிறது என்று தேடித் தேடிக் கடைசியில் கண்டுபிடித்தேன். தொடைக்கு அடியில் கோடு இம்மியளவு பிதுங்குகிறது. அவ்வளவுதான், இருக்கை வந்துவிட்டது.

ஷீலே ரப்பரே தொடமாட்டார் என்று அவர் வரைவதை நேரில் பார்த்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். வண்ணம் தீட்டுவதென்றால்கூட மாடல் போன பிறகு, நினைவிலிருந்துதானாம். அழித்த தடம் ஏதும் இருக்கிறதா என்று நான் குனிந்து பார்க்க, காவலர் கைகாட்டித் தள்ளி நிற்கச் சொன்னார்.

பக்கத்துப் படத்தில் நிற்பவள் ஏனோ உறுத்தினாள். தலையைச் சாய்த்துப் பார்த்தேன், படுத்திருக்கிறாள். படுத்த உடலை வரைந்து, காகிதத்தை நிமிர்த்திக் கையெழுத்துப் போடுவது அவர் வழக்கம். தரையைப் பிடுங்கிவிட்டால் உடம்பு என்னவாகிறது என்று அந்த மனிதர் ஓயாமல் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்.

1918 அக்டோபரில் ஸ்பானிஷ் காய்ச்சல். ஆறு மாதக் கர்ப்பிணியான மனைவி ஈடித் 28-ஆம் தேதி இறந்தார். நோய்ப்படுக்கையில் இருந்த அவரையும் ஷீலே வரைந்திருக்கிறார். மூன்றே நாளில், 31-ஆம் தேதி, அவரும் போய்விட்டார். வயது 28.

கிளம்புமுன் அந்த முதல் பெண்ணிடம் திரும்பி வந்தேன். அறையின் மறுகோடியிலிருந்து பார்த்தால் பழுப்புக் காகிதம் மட்டும்தான். கிட்டே வர வர, முதலில் முழங்கை தெரிந்தது.