தயிர்க்காரர் மேயரான ஊரில்: டானா நாட்குறிப்பு

அக்டோபர் 4, 2025, சனி

மடகாஸ்கர் தலைநகர் அன்டனனரிவோ, சுருக்கமாக டானா. இங்கே குழாயில் தண்ணீர் நின்று மூன்று நாள் ஆகிறது. ஊரடங்கு விலகியதும் விலகாததுமாகத் தெருமுனைக் குழாயடியில் மஞ்சள் கேன்கள் வரிசை கட்டிவிடுகின்றன, ஆள் எங்கோ நிழலில் நிற்க, கேன் இடம் பிடித்திருக்கும். செப்டம்பர் 25 அன்று இளைஞர்கள் தெருவில் இறங்கியதே இந்தத் தண்ணீருக்காகவும் மின்வெட்டுக்காகவும்தான். அதிபர் ரஜோலினா அமைச்சரவையையே கலைத்துப் பார்த்தார், கூட்டம் கலையவில்லை.

வீட்டுக்கார அம்மா அலட்டிக்கொள்ளவே இல்லை. "2002-ஐப் பார்த்தவள் நான்" என்றார். அப்புறம் பேச்சு தயிர்க்காரரிடம் போனது. இந்த ஊரில் அரசியல் பேசினால் எப்படியும் அவரிடம் போய்த்தான் நிற்கிறது.

அக்டோபர் 8, புதன்

தயிர்க்காரர் என்றால் மார்க் ரவலோமனனா. 1949-ல் தலைநகருக்குப் பக்கத்திலுள்ள இமெரின்காசினினா கிராமத்தில் பிறந்தவர். வீட்டில் உறைய வைத்த தயிரை சைக்கிளில் வைத்துத் தெருத்தெருவாக விற்றார். (நம் புளித்த தயிர் இல்லை, இனிப்புச் சேர்த்த கெட்டித் தயிர். மோருக்கு ஆகாது.) எண்பதுகளில் உலக வங்கிக் கடன் கிடைத்தது, தொழிற்சாலை வந்தது, பெயர் டிக்கோ. பால், வெண்ணெய், பாலாடைக்கட்டி, எண்ணெய் என்று நாடு முழுக்கப் பரவிவிட்டது. இன்னொரு பக்கம் புரொட்டஸ்டண்ட் திருச்சபையில் பெரிய கை. காசும் சபையும் சேர்ந்தால் ஓட்டு வராமல் இருக்குமா?

1999 கடைசியில் அன்டனனரிவோ மேயரானார். கட்சிக்கு வைத்த பெயரே 'தியாகோ இயாரிவோ', அதாவது 'எனக்கு இந்த ஊர் பிடிக்கும்'. குப்பை அள்ளினார், தெருவிளக்குப் போட்டார், அனுமதியில்லாத கட்டடங்களை இடித்தார். இடிபட்டவர்கள் திட்டியிருப்பார்கள். ஆனால் குப்பை அள்ளுகிற மேயரை ஊர் சுலபத்தில் மறப்பதில்லை, அம்மா இன்றைக்கும் அதைத்தான் முதலில் சொல்கிறார்.

அக்டோபர் 12, ஞாயிறு

நேற்று ராணுவத்தின் கேப்சாட் படைப்பிரிவு இளைஞர்கள் பக்கம் சாய்ந்துவிட்டது. தெருவில் ஆரவாரம், வேலைக்குப் போகவில்லை.

2001 டிசம்பரில் மேயர் அதிபர் தேர்தலில் நின்றார். முழக்கம் 'பயப்படாதே, நம்பு மட்டும்' என்ற பைபிள் வாசகம். முதல் சுற்றிலேயே பாதிக்கு மேல் எனக்குத்தான் என்றார், அப்போதைய அதிபர் ரத்சிராகாவோ 'இல்லை, இரண்டாம் சுற்று வேண்டும்' என்றார். தலைநகரின் 'மே 13' சதுக்கத்தில் வாரக்கணக்கில் கூட்டம். பிப்ரவரியில் இவர் தன்னைத்தானே அதிபர் என்று அறிவித்துக்கொள்ள, அவர் துறைமுக நகரம் டோமசினாவில் போய் உட்கார்ந்து தலைநகருக்கு வரும் சாலைகளை அடைத்துவிட்டார். பாலங்களை வெடி வைத்துத் தகர்த்தார்கள், தலைநகரில் பெட்ரோலுக்குத் திண்டாட்டம். ஏப்ரலில் நீதிமன்றம் 51.46 சதவீதம் என்று இவர் பக்கம் சொன்னது, ஜூலையில் ரத்சிராகா பிரான்சுக்குப் போனார். அம்மா சொன்ன 2002 இதுதான்.

அக்டோபர் 14, செவ்வாய்

ரஜோலினா நாட்டை விட்டே போய்விட்டாராம். நாடாளுமன்றம் பதவியைப் பறித்தது, கேப்சாட் கர்னல் ஆட்சியைக் கையில் எடுத்துக்கொண்டார். 2009-ல் ரவலோமனனாவைக் கைவிட்டு ரஜோலினாவைத் தூக்கிவிட்டதும் இதே கேப்சாட்தான்!

ரஜோலினாவும் வியாபாரிதான். பாட்டுப் போடும் டிஜேயாக இருந்து, விளம்பரப் பலகைத் தொழில், வானொலி, தொலைக்காட்சி என்று வளர்ந்து 2007 டிசம்பரில் மேயரானவர். தான் ஏறி வந்த அதே ஏணியில் இன்னொருவன் ஏறுவது ரவலோமனனாவுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? ஆனால் அதற்குள் நாட்டுக்கும் கடைக்கும் நடுவில் இருந்த கோடு அவருக்கு அழிந்துபோயிருந்தது என்பது என் எண்ணம். டிக்கோவுக்குச் சலுகை என்று குற்றச்சாட்டு, 6 கோடி டாலரில் அதிபர் விமானம், தென்கொரிய நிறுவனம் ஒன்றுக்கு 13 லட்சம் ஹெக்டேர் நிலம் குத்தகைக்குப் போகிறது என்ற செய்தி. மூதாதையர் மண் என்பது இங்கே விளையாட்டு விஷயமில்லை. 2008 டிசம்பரில் மேயர் ரஜோலினாவின் தொலைக்காட்சியை மூடியது கடைசிப் பொறி.

ஜனவரியில் கூட்டம் டிக்கோ கிடங்குகளைச் சூறையாடியது. பிப்ரவரி 7 அன்று மாளிகை வாசலில் துப்பாக்கிச்சூடு, செத்தவர்கள் இருபதுக்கும் மேல். மார்ச் 17 அன்று ரவலோமனனா பதவி விலகித் தென்னாப்பிரிக்கா போனார். அவர் இடத்துக்கு வந்த ரஜோலினாவுக்கு வயது 34, அதிபராக அரசியல் சாசனம் கேட்டது 40.

அக்டோபர் 18, சனி

கர்னல் நேற்று பதவியேற்றார்.

மிச்சக் கதையையும் எழுதிவிடுகிறேன். 2014-ல் ரவலோமனனா திரும்பி வந்தார், பிடித்து உள்ளே வைத்தார்கள். 2015-ல் மனைவி லலாவ் அதே தலைநகரின் மேயரானார், அந்த நாற்காலியை அந்தக் குடும்பம் விடுவதாக இல்லை! 2018 அதிபர் தேர்தலில் ரவலோமனனா ரஜோலினாவிடம் தோற்றார்.

அனோசி ஏரிக்கரையில் ஜகரண்டா ஊதாவாகப் பூத்திருக்கிறது. திரும்பி வருகையில் கடையில் தயிர் வாங்கினேன். ஃபிரிட்ஜ் ஓடவில்லை, உடனே சாப்பிட்டுவிடுங்கள் என்றாள் கடைக்காரப் பெண். வாசலிலேயே நின்று சாப்பிட்டேன்.

தண்ணீர் இன்னும் வரவில்லை.