மலை இறக்கத்துக்குத் தயாராகும் கென்வொர்த்

மே 4, 2024, சனிக்கிழமை

குளிர்காலம் முழுவதும் அமெரிக்காவின் டென்வர் நகருக்கு வெளியே வாடகைக் கொட்டகையில் நின்றிருந்த என் 1978 கென்வொர்த் கே100 டிரெய்லர் லாரியின் கேபினை இன்று காலை முன்பக்கமாகச் சாய்த்தேன். எஞ்சினுக்கு மேலேயே ஓட்டுநர் அமரும் இவ்வகை லாரியில், கைப்பம்பை அடித்துக் கேபின் முழுவதையும் தூக்கினால்தான் எஞ்சினில் வசதியாகக் கைவைக்க முடியும். அதற்கு முன் படுக்கையிலும் இருக்கைக்கு அடியிலும் கிடப்பவற்றை ஒன்றுவிடாமல் இறக்கிவிட வேண்டும். எல்லாவற்றையும் எடுத்துவிட்டதாக நம்பித்தான் பம்பை அடித்தேன். பாதிச் சாய்வில் எங்கிருந்தோ ஒரு போல்ட் நழுவி, முன்கண்ணாடியில் டங்கென்று விழுந்தது. நல்லவேளையாகச் சிறு கீறலோடு போயிற்று.

நெடுந்தூரம் சரக்கு ஏற்றிய இந்தத் தட்டை மூக்கு லாரிகள் அமெரிக்கச் சாலைகளில் நிறைந்திருந்ததற்குக் காரணம் அழகு அன்று, சட்டம். பல மாநிலங்கள் லாரியும் டிரெய்லரும் சேர்ந்த மொத்த நீளத்துக்கு வரம்பு வைத்திருந்ததால், கேபின் எவ்வளவு குறுகுகிறதோ அவ்வளவு டிரெய்லர் நீளலாம். 1982இல் வந்த கூட்டரசுச் சட்டம் தேசிய நெடுஞ்சாலைகளில் அந்த மொத்த நீள வரம்பை விலக்கியது. ஓட்டுநர்களும் நீள மூக்கு லாரிகளையே விரும்பியதால், இவை மெல்ல மெல்ல மறைந்தன. மிஞ்சியவற்றுள் ஒன்று என் கையில் இருப்பதைப் பொறுப்பாகவே உணர்கிறேன்.

மே 11, சனிக்கிழமை

இன்று முழுவதும் பிரேக் வேலை. சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, காற்றழுத்தத்தைச் சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டு வரை ஏற்றி, எஞ்சினை நிறுத்திவிட்டு, நிறுத்துப் பிரேக்கை விடுவித்தேன். மகள் கேபினில் அமர்ந்து மிதியை அழுத்தினாள். நான் அடியில் படுத்தபடி, மிதித்ததும் காற்று நிரம்பிப் பிரேக்கை இயக்கும் காற்றறையிலிருந்து வெளியே தள்ளப்படும் கம்பி எவ்வளவு நகர்கிறது என்று சுண்ணாம்புக்கட்டியால் குறியிட்டு அளந்தேன்.

“அப்பா, விடட்டுமா?”

“இன்னும் கொஞ்சம் பிடிம்மா, கடைசிச் சக்கரம்.”

இந்த அளவுக் காற்றறையில் கம்பியின் நகர்வு 2 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. வலது பின் அச்சில் அது 2⅜ அங்குலம் நகர்ந்தது. சமதளத்தில் இந்தக் குறை வெளியே தெரியாது. நீண்ட இறக்கத்தில், சக்கரத்தோடு சுழலும் டிரம் சூடேறி விரியும்போது, கம்பி தன் எல்லைவரை போன பிறகும், டிரம்மை உரசி நிறுத்தும் லைனிங் சரியாக அழுந்தாது. அந்தச் சக்கரத்தின் சுமையை மற்றவை தாங்க, அவையும் சூடேறும். போன ஆண்டு இந்த லாரியைச் சோதித்து, எல்லாம் சரி என்று கையெழுத்திட்டுக் கொடுத்த பட்டறை இதை அளந்து பார்த்திருக்குமா என்ற கேள்வி என்னை உறுத்துகிறது.

1994 அக்டோபருக்குப் பின் தயாரான லாரிகளில் இந்தத் தளர்வு தானாகவே சரியாகும். என்னுடையதில் கைதான் செய்ய வேண்டும். கம்பியின் தளர்வைச் சரிசெய்யும் ஸ்லாக் அட்ஜஸ்டரின் பூட்டு வளையத்தை ஸ்பேனரால் உள்ளே அழுத்தி, லைனிங் டிரம்மைத் தொட்டு இறுகும்வரை திருப்பி, பிறகு ஏறத்தாழ அரைச் சுற்றுத் தளர்த்தினேன். வளையம் துருவேறி இறுகியிருந்தது. எண்ணெய் விட்டு அரைமணி நேரம் காத்திருந்த பிறகே அசைந்தது. மறுபடி அளந்தபோது 1¾ அங்குலம் காட்டியது.

மே 18, சனிக்கிழமை

மழை. கதவு ரப்பர்களை மட்டும் மாற்றினேன். புதிதாக வண்ணம் பூசச் சொல்கிறவர்களுக்கு என் பதில் மாறவில்லை: ஓட்டுநரின் முழங்கை தேய்த்துத் தேய்த்துக் கதவு விளிம்பில் வெளுத்த இடம் அப்படியே இருக்கட்டும்.

ஜூன் 1, சனிக்கிழமை

எஞ்சினைக் கொண்டே வண்டியின் வேகத்தைக் குறைக்கும் ஜேக் பிரேக்கைச் சோதித்தேன். கம்மின்ஸ் எஞ்சின் நிறுவனத்தைத் தொடங்கிய கிளெசி கம்மின்ஸ், 1931இல் டீசல் லாரி ஒன்றில் நியூயார்க்கிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் சென்றபோது, கலிபோர்னியாவின் கஹோன் கணவாய் இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல், குறுக்கே வந்த ரயிலில் மோதாமல் நூலிழையில் தப்பினார். அந்த அச்சம் அவர் மனத்தில் பல ஆண்டுகள் கிடந்து, பிற்காலத்தில் இந்தக் கருவியாக உருப்பெற்றது. துளைக்கருவிகளுக்கான பிடிப்பான் செய்துவந்த ஜேக்கப்ஸ் நிறுவனம் 1961இல் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது.

பிஸ்டன் காற்றை அழுத்தி மேலே வந்து முடிக்கும் தருவாயில் இக்கருவி வெளியேற்று வால்வைத் திறந்துவிடுகிறது. அழுத்திய காற்று வெளியேறிவிடுவதால், பிஸ்டனைத் திரும்பக் கீழே தள்ளும் விசை இல்லை. அழுத்தச் செலவிட்ட ஆற்றல் முழுவதும் வண்டியின் ஓட்டத்திலிருந்து கழிகிறது. என் 14 லிட்டர் எஞ்சினில் ஒவ்வொரு தலைப்பகுதியும் இரண்டு சிலிண்டர்களை மூடுவதால், 2, 4, 6 சிலிண்டர்கள் என்று மூன்று படிகளில் இதை இயக்கலாம். மூன்றும் வேலை செய்தன.

ஜூன் 16, ஞாயிற்றுக்கிழமை

காலியான பழைய டிரெய்லரோடு ஏறத்தாழ 14 டன் எடையில் விடியுமுன் புறப்பட்டோம். 70ஆம் எண் நெடுஞ்சாலையில் மேற்கே ஏற ஏறக் காற்று மெலிந்து, புகை கறுத்தது. பதின்மூன்று கியர்களில் ஒவ்வொன்றையும் மாற்றும்போது கிளட்சை இருமுறை மிதித்து, எஞ்சினின் சுழற்சியைக் காதால் கேட்டுப் பொருத்த வேண்டும். கேட்டால் கியர் வெண்ணெயில் கத்தி போல இறங்கும். கேட்காவிட்டால் பற்கள் கடகடவென்று திட்டும்.

1973இல் திறந்த ஐசனோவர் சுரங்கத்தின் மேற்கு வாயில் 11,158 அடி உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து சில்வர்தோர்ன் ஊருக்குச் செல்லும் சாலை 7 விழுக்காட்டுச் சரிவில் 2,000 அடிக்கும் மேல் இறங்குகிறது. சரிவு தொடங்கிய பிறகு கியரைக் குறைக்க முயன்றால் வண்டி நியூட்ரலிலேயே ஓடிவிடும் ஆபத்து உண்டு என்பதால், வாயிலைத் தாண்டுமுன்பே ஆறாம் கியருக்கு வந்துவிட்டேன். ஜேக் நான்கு சிலிண்டர்களில் முழங்க, வேகம் மணிக்கு 30 மைலைத் தொட்டபோது மட்டும் மிதியை உறுதியாக அழுத்தி 25க்குக் கொண்டுவந்து, உடனே விட்டேன். இறக்கம் முழுவதிலும் மிதித்தது நான்கே முறை. பிரேக் இழந்த லாரிகள் ஏறி நிற்பதற்கான சரளைத் திட்டை வலப்புறம் கடந்தபோது மகள் ஒன்றும் பேசவில்லை.

கீழே நிறுத்தியதும் இருவரும் இறங்கி, ஒவ்வொரு டிரம்மின் அருகிலும் புறங்கையைத் தொடாமல் நீட்டிப் பார்த்தோம். மற்றச் சக்கரங்களில் வீசிய அதே வெதுவெதுப்பு வலது பின் அச்சிலும் இருந்தது. மிதமாக ஆறவிட்டு மறுபடி அளந்தோம்: 1¾ அங்குலம். அதை மகள் தன் கையெழுத்தில் வண்டிக் குறிப்பேட்டில் எழுதினாள்.