கால் அங்குலத்தைப் பிடித்துத் தந்த இரும்புத்துண்டு

சின்னத் துணித்துண்டுகளை இணைத்துத் தைக்கும் குயில்ட் போர்வைக்காக நான் தைத்த நட்சத்திரக் கட்டத்தின் எட்டு முனையும் கூராக வந்திருக்கிறது. ஒன்றுகூட மழுங்கவில்லை, ஒன்றுகூட பக்கத்துத் தையலுக்குள் போய் ஒளியவில்லை. எந்தப் பக்கம் ஸ்கேலை வைத்தாலும் 12½ அங்குலம். ஓரங்களைத் தைத்து முடித்தால் சரியாக 12 நிற்கும். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

இதற்குக் காரணம் பழைய சிங்கர் மெஷின்களில் திருகிப் பூட்டும் துணி கைட். நடுவில் நீளமாக ஒரு வெட்டு, அதற்குள் ஒரு கைத்திருகாணி, அவ்வளவுதான் பொருள். தைக்கும்போது துணியின் ஓரம் இதை ஒட்டியே ஓடும். சிங்கர் இலங்கைக்கு வந்தது 1877இல். அதனால் கொழும்பில் எத்தனையோ வீடுகளில் அம்மம்மா காலத்து, காலால் மிதிக்கும் கால் மெஷின் இன்னும் இருக்கிறது. ஊசிக்கு வலப்பக்கம், மெஷின் தட்டில் மரை வைத்த சின்னத் துளைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். அவை இந்தக் கைட்டுக்காக வைத்தவை.

துண்டுகளை இணைக்கும்போது தையலுக்காக ஓரத்தில் விடுவது கால் அங்குலம். குயில்ட் தைப்பவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஒரு ஓரத்தில் 1/16 அங்குலம் கூடினால், ஒரு இணைப்புக்கு இரண்டு ஓரம், ஆக 1/8. ஒன்பது துண்டு வரிசையில் எட்டு இணைப்பு. முழுசாக ஒரு அங்குலம் காணாமல் போய்விடும்.

கால் அங்குலத்தைக் காட்டத் தட்டில் ஒட்டும் டேப் எனக்குப் பிடிக்காது. கொழும்புப் புழுக்கத்தில் பசை இளகி நகர்கிறது, துணியும் அதன் மேல் ஏறி ஓடுகிறது. காந்தக் கைட் மெஷினின் அதிர்வில் மெல்ல மெல்ல விலகும். கால் அங்குல ஃபுட், அதாவது அந்த அளவில் செய்த, துணியை அழுத்திப் பிடிக்கும் பாதம், நல்லதுதான். ஆனால் ஊசி இறங்கும் இடம் மெஷினுக்கு மெஷின் மயிரிழை மாறும். அந்த ஃபுட்டையும் நகர்த்த முடியாது, என் கால் மெஷினில் ஊசியையும் நகர்த்த முடியாது. கைட்டை நகர்த்தலாம், நகர்த்திய இடத்தில் இறுக்கியும் விடலாம்.

பூட்டும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. துணி வெட்டும் அதே ஸ்கேலை ஃபுட்டுக்குக் கீழே வையுங்கள். வேறு ஸ்கேல் வேண்டாம். கைச்சக்கரத்தை மெதுவாகச் சுற்றி, ஊசி நுனி கால் அங்குலக் கோட்டைத் தொடும் வரை இறக்குங்கள். ஸ்கேலின் வலது ஓரத்தோடு கைட்டை ஒட்ட வைத்துத் திருகுங்கள். திருகாணி இறுகும்போது கைட்டையும் தன்னோடு திருப்பிவிடும். அதனால் இடது பெருவிரலால் கைட்டை அழுத்திப் பிடித்தபடி முக்கால்வாசி இறுக்க வேண்டும். பிறகு நகத்தால் ஒரு தட்டு, ஊசிப் பக்கமாக. அந்தத் தட்டுத்தான் ஒரு இழையைக் குறைக்கிறது. தையலை மடித்து அயன் பண்ணும்போது மடிப்பு கொஞ்சம் துணியைத் தின்னும், அதற்கு இந்த ஒரு இழை ஈடு. அப்புறம் முழுசாக இறுக்கலாம்.

சோதனைக்கு 1½ அங்குலப் பட்டிகள் மூன்றைச் சேர்த்துத் தையுங்கள். நடுப்பட்டி சரியாக 1 அங்குலம் வர வேண்டும். வரவில்லையா, இன்னொரு தட்டு.

கைத்தறித் துணிக்கு மட்டும் இது போதாது. நெசவு இளக்கம், குறுக்காக வெட்டிய ஓரம் இழுபடும். நான் வெட்டுவதற்கு முன்பே சோற்றுக்கஞ்சி போட்டு, மொடமொடவென்று அயன் பண்ணிவிடுகிறேன். ஸ்பிரே வாங்கத் தேவையே இல்லை. ஆனால் கஞ்சித் துணியை அலுமாரியில் நாள்கணக்கில் விடாதீர்கள், கரப்பான் தேடி வரும்.

கைட் கிடைப்பது கொழும்பு புறக்கோட்டையில். குறுக்குத் தெருக்களில் பொத்தானும் லேசும் விற்கும் கடைகளில் தேடி மினக்கெட வேண்டாம், மெஷின் உதிரிப்பாகம் விற்கிற சின்னக் கடைகளுக்குப் போங்கள். "நானா, ஸ்குரூவோட துணி கைட் ஒண்டு இருக்கா?" என்று நான் கேட்டதும், கடைக்காரர் மேசைக்குக் கீழிருந்த டப்பாவைக் கொட்டி, "பழசுதான் மகள், ஆனா இந்த இரும்பு இப்ப வராது" என்று எடுத்துத் தந்தார். உண்மைதான், புதிதாக வருபவை மெல்லிய தகடு, இறுக்கினால் வளைகிறது. திருகாணியை உங்கள் மெஷினில் பூட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். மரை சேராவிட்டால் பயனில்லை.

இன்னும் கட்டங்கள் தைக்கக் கிடக்கின்றன, மொத்தம் 20 வேண்டும். ஆனால் மனம் இப்போதே, மேல்துணிக்கும் அடித்துணிக்கும் இடையில் வைக்கும் நடு அடுக்குக்குப் போய்விட்டது. அதற்குக் கடையில் விற்கும் பஞ்சு விரிப்பான பொலியெஸ்டர் வாடிங் இந்த ஊர் வெயிலுக்குச் சரிவராது, போர்த்தினால் வேர்த்துக் கொட்டும். துவைத்துத் துவைத்து மிருதுவான நூல்சேலையை இரண்டாக மடித்து உள்ளே வைக்கப் போகிறேன். பெரியம்மா இரண்டு சேலை எடுத்து வைத்திருக்கிறா. மூன்று அடுக்கும் ஒன்றாக நகர வாக்கிங் ஃபுட் வேண்டும். கால் மெஷினுக்குப் பொருந்துவதாக யாராவது வாங்கியிருந்தால், எந்த மெஷினில் பூட்டினீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.