கன்னியாகுமரி போகிறவரோடு இருபது கிலோமீட்டர்

காஷ்மீரிலிருந்து ஓடி வருகிற ஒருவர் ஓசூரைத் தாண்டியதுமே நம் ஊர் ஓட்டக் குழுக்களின் வாட்ஸ்அப்பில் செய்தி பரவிவிடும். அவர் நம் ஊரைக் கடக்கும் அன்று நாலு பேர் அவரோடு சேர்ந்து ஓடக் கிளம்புவார்கள். நல்ல வழக்கம்தான். போகிறவர்கள் முதலில் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

2019-ல் சூஃபியா கான் காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரி வரை 87 நாளில் ஓடி முடித்தார். ஏறத்தாழ 4,000 கி.மீ. நாளுக்கு 46 கி.மீ. என்று வருகிறது. தினமும் ஒரு மாரத்தான், அதற்கு மேல் இன்னொரு நாலு கிலோமீட்டர். கோவில்பட்டியில் நீங்கள் போய்ச் சேரும்போது அப்படிப்பட்ட ஒருவருக்கு எண்பது நாளுக்கு மேல் ஓடியிருக்கும். உங்களுக்கு அன்றுதான் முதல் நாள்.

ஆகவே வேகம் அவருடையது. கிலோமீட்டருக்கு எட்டு, ஒன்பது நிமிடம் என்று போவார், இடையிடையே நடப்பார். ஆறு நிமிடத்தில் ஓடிப் பழகியவர் பேச்சு சுவாரசியத்தில் அரை அடி முன்னால் போய்விடுவார். விருந்தாளி ஆயிற்றே என்று கன்னியாகுமரி போகிறவரும் எட்டிப் போடுவார். அதன் விலை அன்றைக்குத் தெரியாது. நீங்கள் வீடு திரும்பி இரண்டு நாள் கழித்து, அவருக்கு முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு வலிக்கத் தொடங்கும். எப்போதும் அரை அடி பின்னாலேயே இருங்கள். மெதுவாக ஓடுவது சுலபமென்றும் நினைக்க வேண்டாம். அடி குறுகும், காலில் பளு விழும் இடம் மாறும். முந்தின வாரமே அந்த வேகத்தில் பதினைந்து கிலோமீட்டர் ஓடிப் பாருங்கள்.

எங்கே சேர்வது? தொப்பூர் கணவாய் வேண்டாம். தர்மபுரியிலிருந்து சேலம் பக்கம் இறங்கும் அந்தச் சரிவில் பிரேக் பிடிக்காத லாரிகள் செய்த விபத்துகளுக்குக் குறைவில்லை. கோவில்பட்டியிலிருந்து கயத்தாறு மாதிரி நேரான, பார்வை தூரம் போகும் சாலை நல்லது. தண்ணீரும் சாப்பாடும் சுமந்து அவர் கூடவே வரும் சப்போர்ட் வண்டி நிற்கும் இடத்தில் சேருங்கள், நடுவழியில் மறிக்காதீர்கள்.

அவர் எந்த ஓரத்தில் ஓடுகிறாரோ அதே ஓரம்தான் உங்களுக்கும். எதிரே வரும் வண்டியைப் பார்த்து ஓடுவது பாதுகாப்பு; ஆனால் சப்போர்ட் வண்டி எதிர்த்திசையில் வர முடியாதென்பதால் சில குழுக்கள் இடது ஓரத்தையே பிடிக்கும். எந்த ஓரமானாலும் ஒருவர் பின் ஒருவராக, வெள்ளைக்கோட்டுக்கு வெளியே. தவறான திசையில் வரும் மொபெட்டுகள் அந்த ஓரத்தில்தான் வரும். காதில் இயர்போன் கூடாது.

ஆனி, ஆடியில் வள்ளியூர் தாண்டினால் காற்று வேறு கணக்கு. காற்றாலைகள் கண்ணில் படத் தொடங்கும் அந்தப் பகுதியில் மேற்கிலிருந்து அறையும். தெற்கு நோக்கி எதிர்வண்டி பார்த்து ஓடுகிறவர் மேற்கு ஓரத்தில் இருப்பார். காற்று அவரைச் சாலைக்குள் தள்ளும். கிழக்கு ஓரத்தில் வேறு தொல்லை: லாரி கடக்கும் நொடியில் காற்று அடங்கி, லாரி போனதும் மொத்தமாக வந்து மோதும். சாய்ந்து ஓடிக்கொண்டிருந்த உடம்பு தடுமாறும். தொப்பியைக் கையில் வைத்துக்கொள்வதே மேல்.

பையில் ஒரு சின்னக் குறடு போடுங்கள். சிரிக்க வேண்டாம். லாரி டயர் வெடித்த இடங்களில் ரப்பருக்குள் இருக்கும் எஃகு இழைகள் ஓரமெல்லாம் சிதறிக் கிடக்கும். ஊசியைவிட மெல்லிசு. ஷூவில் ஏறுவது தெரியாது. அடிக்கு அடி கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போய், ஒன்றிரண்டு கிலோமீட்டர் கழித்துப் பாதத்தில் சுருக்கென்று தைக்கும். விரலால் பிடித்தால் வழுக்கும், நகத்துக்கும் சிக்காது. குறடு இருந்தால் ஒரே இழுப்பு.

தண்ணீர் உங்களுடையதை நீங்களே சுமக்க வேண்டும். வெயில் நேரத்தில் மணிக்கு அரை லிட்டரிலிருந்து முக்கால் லிட்டர். அவருடைய வண்டியில் இருப்பது அவருக்கு அளந்து வைத்தது. 21 கிராம் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் ஒரு லிட்டருக்கு உரியது. அரை லிட்டர் பாட்டிலில் முழுசாகக் கொட்டினால் வயிறு கலங்கும். இளநீரில் பொட்டாசியம் உண்டு, சோடியம் குறைவு, அதை மட்டும் நம்பினால் வியர்வையில் போன உப்பு திரும்பாது. கொண்டுபோய்க் கொடுக்க ஆசையா? கோவில்பட்டி கடலைமிட்டாய் கொடுங்கள், வண்டிக்காரரிடம். பிரியாணிப் பொட்டலம் வேண்டாம்.

சாதனைப் பதிவுக்காக ஓடுகிறவர் என்றால், நிறுத்திய புள்ளியிலிருந்தே அடுத்த ஓட்டம் தொடங்க வேண்டும். அதனால் "அந்த டீக்கடை வரை என் பைக்கில் வாங்க" என்ற உபசாரம் ஆகாது. சாட்சிப் புத்தகத்தில் கையெழுத்து கேட்பார்கள். சேர்ந்த இடம், நேரம், பிரிந்த இடம், நேரம், எல்லாம் தெளிவாக எழுதுங்கள். "காலையில்" என்று எழுதினால் பயனில்லை.

படம் எடுப்பது காலையில் கிளம்பும் முன்பு. பத்துப் பேர் தனித்தனியாகச் செல்ஃபி எடுத்தால் கால் மணி நேரம் போகும், நின்ற காலில் சதை இறுகிவிடும்.

திரும்பி வர, ஓட்டத்தை முடிக்கும் ஊரில் பைக்கை முதல் நாளே விட்டுவிட்டு, பேருந்தில் தொடங்கும் ஊருக்கு வந்துவிடுங்கள். மாற்றிச் செய்தால், இருபது கிலோமீட்டர் ஓடிய காலோடு பைபாஸில் கை நீட்டி நிற்க வேண்டிவரும்; பாயிண்ட் டு பாயிண்ட் வண்டி எதுவும் நிற்காது.