‘ஆம்’ போட்டால் எது மாறும்?

கலிஃபோர்னியாவில் மகனோடு வசிக்கும் என் அக்கா அந்நாட்டுக் குடியுரிமை பெற்றதிலிருந்து, தேர்தல் நெருங்கும்போதெல்லாம் தொலைபேசியில் என்னை அழைப்பது வழக்கமாகிவிட்டது. வேட்பாளர்களில் யாருக்கு வாக்களிப்பது என்பதில் அவருக்குக் குழப்பம் இருப்பதில்லை. அதே வாக்குச்சீட்டில் இடம்பெறும் மாநில முன்மொழிவுகள்தான் அவரைத் திணறடிக்கின்றன. போதிய வாக்காளர்களின் கையொப்பத்தைத் திரட்டினால் ஒரு சட்டத்தையோ அரசியலமைப்புத் திருத்தத்தையோ நேரடியாக மக்கள் வாக்குக்கு விடும் உரிமை அம்மாநிலத்தில் 1911 முதல் இருக்கிறது. 2024 நவம்பரில் மட்டும் பத்து முன்மொழிவுகள் இருந்தன. அவற்றை விளக்கும் கையேட்டை அரசு ஆங்கிலம் தவிர ஸ்பானியம், சீனம், இந்தி உள்ளிட்ட மொழிகளில் வெளியிட்டும், அவற்றில் தமிழ் இல்லை. ஆகவே இணையத்தில் கிடைக்கும் கையேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, கோத்தகிரியில் பொழுது விடிந்து அங்கே முந்தைய நாள் மாலையாக இருக்கும் வேளையில், அக்காவுக்கு ஒவ்வொன்றாக விளக்கிச் சொல்கிறேன்.

இன்று நடைமுறையில் இருப்பது என்ன என்பதை முதலில் சொல்லிவிட்டு, ‘ஆம்’ வென்றால் அதில் எது மாறும், ‘இல்லை’ வென்றால் எது அப்படியே நிற்கும் என்று விளக்குவதே நான் கடைப்பிடிக்கும் முறை. இது எளிதாகத் தோன்றலாம். ஆனால் 2020இல் வந்த 25ஆம் முன்மொழிவை எடுத்துக்கொள்ளுங்கள். பணம் கட்டினால்தான் ஜாமீன் என்ற முறையை ஒழிக்கும் சட்டத்தை 2018இல் சட்டமன்றம் இயற்றியது. ஜாமீன் தொழிலில் இருந்தவர்கள் கையொப்பம் திரட்டி அதைத் தடுத்து, மக்கள் வாக்கெடுப்புக்குக் கொண்டுவந்தார்கள். “தம்பி, காசு இல்லாத ஏழை மட்டும் உள்ளே கிடப்பது எனக்குப் பிடிக்கவில்லை, அப்படியானால் ‘இல்லை’ என்றுதானே போட வேண்டும்?” என்று அக்கா கேட்டார். உண்மை நேர்மாறானது. வாக்கெடுப்பைக் கொண்டுவந்தவர்கள் சட்டத்தை எதிர்ப்பவர்களாக இருந்தாலும், ‘ஆம்’ என்பது அந்தச் சட்டத்தை நிலைநிறுத்தும் வாக்கு. ‘இல்லை’ என்பது பழைய ஜாமீன் முறையைத் தொடரவிடும் வாக்கு. இறுதியில் ‘இல்லை’ வென்று, அந்தச் சட்டம் நடைமுறைக்கே வராமல் போயிற்று. தாம் விரும்பியதற்கு எதிராகவே முத்திரையிட்டுவிடும் அபாயம் ஒரு வாக்காளருக்கு நேரக்கூடாது என்பதில் எனக்கு மிகுந்த அக்கறை உண்டு.

கடன் பத்திர முன்மொழிவுகளில் வேறொரு கவனம் தேவைப்படுகிறது. 2024இல் பள்ளிக் கட்டடங்களுக்காக 1,000 கோடி டாலர் கடன் வாங்க அனுமதி கோரிய 2ஆம் முன்மொழிவைப் படிக்கும் எவருக்கும் பள்ளிக்குப் பணம் வருவது மட்டுமே முதலில் கண்ணில் படும். அதைத் திருப்பிச் செலுத்த 35 ஆண்டுகளுக்கு ஆண்டுதோறும் சுமார் 50 கோடி டாலர் அரசுக்குச் செலவாகும் என்ற மதிப்பீடும் அதே கையேட்டில் இருந்தது. அப்படிக் கணக்கிட்டால் மொத்தம் ஏறத்தாழ 1,750 கோடி. இதைச் சொல்வது எதிர்த்து வாக்களிக்கச் சொல்வதாகாது. நல்ல பள்ளிக்காகக் கடன் படலாம் என்று முடிவெடுக்கவும் மக்களுக்கு உரிமை உண்டு. அம்முன்மொழிவு நிறைவேறவும் செய்தது. விலை தெரிந்து முடிவெடுத்தார்களா என்பதே என் கேள்வி.

கையேட்டில் எந்தப் பகுதியை யார் எழுதுகிறார்கள் என்பதையும் அக்காவுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். தலைப்பும் சுருக்கமும் மாநிலத் தலைமை வழக்கறிஞருடையவை. செலவுக் கணக்கையும் விளைவுகளையும் எழுதுவது கட்சி சாராத சட்டமன்றப் பகுப்பாய்வாளர் அலுவலகம். ஆதரித்தும் எதிர்த்தும் வரும் வாதங்கள் அந்தந்தத் தரப்பினரின் கருத்துகள் மட்டுமே, அவற்றின் உண்மைத்தன்மையை எந்த அரசு அமைப்பும் சரிபார்க்கவில்லை என்று கையேடே அச்சிட்டிருக்கிறது. எனவே பகுப்பாய்வை முதலில் படித்து, வாதங்களைக் கடைசியில் படிப்பதே நல்லது. விளம்பரங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்: செயலி வழி வாடகை வாகன ஓட்டுநர்களைப் பற்றிய 2020ஆம் ஆண்டின் 22ஆம் முன்மொழிவுக்கு மட்டும் 20 கோடி டாலருக்கு மேல் செலவிடப்பட்டது.

இவ்வகையில் என் மனத்தை மிகவும் கவர்ந்தது பக்கத்து மாநிலமான ஓரிகனின் ஏற்பாடு. அங்கே 2010இல் தொடங்கிய முறைப்படி, குலுக்கல் போலத் தெரிந்தெடுக்கப்பட்ட இருபது சொச்சம் சாதாரண வாக்காளர்கள் சில நாள்கள் ஒன்றாக அமர்ந்து, இரு தரப்பையும் வல்லுநர்களையும் விசாரித்து, தாங்கள் கண்டறிந்ததை ஒரு பக்க அளவில் எழுதித் தர, அது வாக்காளர் கையேட்டிலேயே அச்சாயிற்று. படித்தவர் வந்து பாடம் நடத்துவதைவிட, நம்மைப் போன்ற ஒருவர் உட்கார்ந்து விசாரித்துச் சொல்வதில் நம்பிக்கை கூடுகிறது.

நம் நாட்டில் இத்தகைய மாநில வாக்கெடுப்பு இல்லை. புதுச்சேரி இணைப்புக்காக 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் வாக்களித்த 178 பேரும்கூட மக்கள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகளே. ஆனால் ஊராட்சியில் வாக்காளராக இருக்கும் ஒவ்வொருவரும் அமர்ந்து தீர்மானம் செய்யும் கிராம சபை நமக்கு இருக்கிறது. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாள்கள் அது கூடுகிறது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி காட்டு நிலத்தின் மீதான உரிமைக் கோரிக்கைகளும் முதலில் அங்கேதான் வர வேண்டும் என்பதால், இருளர், குறும்பர், தோடர், கோத்தர் வாழும் நீலகிரியில் அதன் தீர்மானங்களுக்குக் கனம் மிகுதி. எங்கள் ஊராட்சியிலோ, தீர்மானங்கள் வேகமாக வாசிக்கப்பட்டு, பதிவேடு கைக்குக் கை மாறி, கையொப்பங்கள் விழுந்துவிடுகின்றன. தேயிலை பறிக்கும் பெண்கள் கூலியை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருந்தும், எதற்குக் கையொப்பமிட்டோம் என்று கேட்டால் சொல்லத் தெரியாமல் திரும்புகிறார்கள். பிழை அவர்களுடையது அன்று.

அடுத்த கூட்டத்தின் பொருள்நிரலை ஒரு வாரம் முன்னதாகவே தரும்படி மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன். கிடைத்தால், ஒவ்வொரு தீர்மானத்துக்கும் இன்றைய நிலை, நிறைவேறினால் மாறுவது, ஊராட்சிக்கு ஆகும் செலவு ஆகிய மூன்றையும் பெரிய எழுத்தில் எழுதி, பச்சைத் தேயிலை எடை போடும் கொட்டகையில் ஒட்டுவதாக இருக்கிறேன். படிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்துச் சொல்ல, கல்லூரியில் படிக்கும் எங்கள் தெருப் பெண்கள் இருவர் இசைந்திருக்கிறார்கள்.